கூட இருப்பவர்

ஜூன் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இன்னும் ஆகவில்லை, தெரியும். ஆனபின் அப்படிக் கூப்பிடப் பயமாக இருக்கும், அதனால் இப்போதே. போனில் நீ “ம்” கொட்டுவதைவிடக் கடிதம் மேல்.

ஒரு சேதி. என் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமாம். நீ குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் எழுது. கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். உன் அப்பாவும் இல்லை, வேறு யாரைச் சொல்வது? நீ திரும்பும் வாரத்திலேயே தேதி வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் லீவும் சொல்லியாயிற்று. உனக்கு மட்டும் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

அம்மா

ஜூன் 13

அன்புள்ள அம்மா,

ஆட்சேபணை இல்லை. கட்டாயம் வந்துவிடுவேன். பயப்படாதே.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில், மருத்துவ மாணவிகளான எங்கள் ஐந்து பேரையும் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். சேவை செய்ய வந்தவர்களுக்குப் பாஷை தெரியாது. நோயாளி சொல்வதை நர்ஸ் எங்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் அவர் வேலை கெடுகிறது. யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

பெண்கள் வார்டில் இடுப்பு எலும்பு முறிந்த ஓர் அம்மா இருக்கிறார். லாரிக்காரர் ஒருவர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இங்கே ஊட்டிவிட, மருந்து வாங்க, ரத்தத்துக்கு ஓட, எல்லாவற்றுக்கும் கூட ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆபரேஷனுக்குத் தேதியே கிடையாது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மகள் என்று. கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவருக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன், எனக்கு வெள்ளிக்கிழமை விமானம். கணக்கு சரிதானே, கணக்கு டீச்சர்?

உன் மகள்

ஜூன் 22

அன்புள்ள அம்மா,

அவருக்குக் காய்ச்சல் கண்டு ஆபரேஷன் தள்ளிப் போய்விட்டது. டிக்கெட்டை மாற்றியிருக்கிறேன். உன்னுடையதையும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா? நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன். அவசரமில்லாத கேஸ்தான்.

உன் மகள்

ஜூன் 30

அன்பு மகளுக்கு,

தள்ளிப் போட்டாயிற்று. அவசரமில்லாத கேஸ் என்று நீ எழுதியதை டாக்டரிடம் காட்டினேன். “சரியாத்தாம்மா சொல்லியிருக்கா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

அம்மா

ஜூலை 11

அன்புள்ள அம்மா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற நால்வரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்தால்தான் எழுந்து நிற்கிறார். இப்போது விட்டுவிட்டு வந்தால் படுத்த படுக்கையாகிவிடுவார். மாதக் கடைசிவரை இருக்கிறேன். உனக்கு இன்னொரு தேதி கேட்டுப் பாரேன். நீ புரிந்துகொள்வாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன் மகள்

ஜூலை 24

அன்பு மகளுக்கு,

ஆபரேஷன் முடிந்துவிட்டது. நலமாக இருக்கிறேன். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே.

இன்னொரு தேதி கேட்க எனக்கு வாய் வரவில்லை. தனியாகப் போய்ப் படுத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து “கூட யாரும்மா?” என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரியின் மகள், துணிக்கடையில் வேலை பார்ப்பவள், “ரெண்டு பேருக்கும் நான்தான், பேனாவைக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டாள். “என்ன உறவுன்னு போடட்டும்மா?” என்றாள். மகள்னே போடு என்றேன்.

நீ அங்கே செய்ததைத்தான் அவள் இங்கே செய்தாள். உன்னை நான் எந்த முகத்தோடு குறை சொல்வது? அந்த அம்மா நடந்துவிட்டால் எனக்கும் சந்தோஷம்தான்.

தையல் ஆறும்வரை குனியக் கூடாதாம். கடை விட்டதும் அவள் வந்து சமைத்து வைக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது தேடிப் பார்த்தால் கோபம் இல்லை. உன்னை எதிர்பார்த்துக்கொண்டு இருந்ததும் அதோடு போய்விட்டது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வரும் நாளை முன்கூட்டியே எழுது. உன் சாவியைத்தான் அவளிடம் கொடுத்திருக்கிறேன். கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

அம்மா