அந்த இழைகளை மூட்டியது எது?

3.2.86, சரவணை
மின்சாரம் இல்லை. கல்குலேட்டர் பற்றரியும் செத்துவிட்டது. மடக்கை அட்டவணையை வைத்துத்தான் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குக் கணக்குப் போடுகிறேன்.

ரேடியோ அலைகளை உமிழும் ஒரு விண்மீன் மண்டலம். அதன் மையத்திலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளி வாயு இழைகள் ஒளிர்கின்றன. எது அவற்றை மூட்டுகிறது? மையத்தின் வெளிச்சமா, மையத்திலிருந்து பீறிட்டு வந்து மோதும் தாரையா? என் வழிகாட்டி வைத்திலிங்கம் சேர் வெளிச்சம் என்கிறார். நான் மோதல் என்கிறேன். நிறுவியே காட்டுவேன்.

11.2.86
நிறுவிவிட்டேன்! மையம் சரியான மங்கல். அவ்வளவு தூரத்து வாயுவை மூட்ட அந்த வெளிச்சம் போதவே போதாது.

20.2.86
சேர் படித்துவிட்டுக் கேட்டார்: "நீர் தீவுப் பிள்ளைதானே? வெளிச்சவீடு உம்மட பக்கம் திரும்பாத நேரம் விளக்கு நூந்துபோச்சு எண்டு சொல்லுவீரோ?"

வெட்கமாகப் போய்விட்டது. வெளிச்சம் ஒரு பக்கமாகப் பாயலாம். எங்களுக்கு மங்கலாகத் தெரிவது அந்த வாயுவுக்குப் பட்டப்பகலாக இருக்கலாம். எனக்கேன் இது தோன்றவில்லை? வெல்லவேணும் என்ற அவசரம், வேறென்ன!

21.2.86
திரும்பவும் முதலிலிருந்து.

2.3.86
சித்தப்பா காலமாகிவிட்டார். கம்பசுக்குப் போகச் சைக்கிள் வாங்கித் தந்தவர். எழுத முடியவில்லை.

17.3.86
வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். தவறினால் ஒரு வருடம் போய்விடும். அம்மா மறிக்கிறார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாமல் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடாதை. செத்தவீட்டுத் துடக்கு."

"கம்பஸ் என்ன கோயிலே?"

"அங்கை சரஸ்வதி படம் இருக்குத்தானே?"

ஆனாலும் போவேன்.

21.3.86
ஆமி மறிப்பதால் பாலத்து வழியாகப் பஸ் இல்லை. வேலணையிலிருந்து அராலிக்கு வள்ளம். ஆய்வேட்டைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். அம்மா என்னுடன் பேசவில்லை. மனம் நொந்துதான் போனது.

9.4.86
வாய்மொழித் தேர்வு. அந்த வாயு ஒரே இடத்தில் தாறுமாறான வேகங்களில் ஓடுவதை இம்முறை காட்டியிருந்தேன். வெளிச்சம் மட்டும் பட்டால் வாயு அப்படிக் கலங்காது.

"அப்ப மூட்டினது மோதல்தானோ?" சேர் விடுவதாக இல்லை.

"மோதல் இருக்கு, சேர். ஆனா அதுதான் மூட்டினது எண்டு இந்த அளவுகளை வைச்சுச் சொல்ல ஏலாது. தெரியாததைத் தெரியும் எண்டு எழுதமாட்டன்."

சொல்லி முடித்துவிட்டேன்.

3.11.86
கம்பசில் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்றாவது கிழமை. இன்று பக்கத்து வீட்டு யோகம்மாக்கா வேலிக்கு அப்பால் நின்று அம்மாவை விசாரித்தது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் காதுவரை கேட்டது. "உங்கட மகள் எதைப்பற்றி ஆராய்ச்சி செய்யிறாள்?"

"தூரத்திலை என்னவோ எரியுதாம். எது மூட்டினதெண்டு அவளுக்கே தெரியாதாம்." அம்மாவின் குரலில் அப்படி ஒரு பெருமை. "தெரியாதெண்டு சொன்னதுக்குத்தானே வேலையே குடுத்தவை!"