கான் வழியே இறங்கிய பச்சைப் புள்ளி

மஸ்கெலியா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் பிரதாப்பும் அண்ணியும் விடாத மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு, சாப்பிட்டியா, சாக்ஸ் காஞ்சுச்சா என்று ஆரம்பித்துவிடுகிறாள். தபாலில் போட்டால் நீ கிழவியான பிறகுதான் கிடைக்கும், அதனால் இதை அண்ணி ஷாமிலா படம் பிடித்து அனுப்புவாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும், சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் எனக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

நீ பின்லாந்தில் ஓடிய அன்று நம் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. கையில் மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, அங்கங்கே வைத்திருக்கும் கொடிகளை வரிசை தப்பாமல் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் ஆயிரம் தடவை விளக்கியும், பக்கத்துக் காம்பரா சிவசாமி, “ஏன் கங்காணி, வழி தப்புறதுக்கு ப்ளேன் ஏறியா போகணும், நம்ம மலையில பனி மூடுனா சும்மாவே தப்புமே” என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தான். ஷாமிலாவின் போனில் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, நீ பச்சை. நோர்வேயில் நாற்பத்தெட்டாவதாக வந்த பிள்ளை அன்று பன்னிரண்டாவது கொடியில் முப்பத்துமூன்றாவது. எனக்குக் காலே தரையில் இல்லை. அப்போதுதான் ஷாமிலா, “அங்க பனி மூடிருச்சாம் மாமா” என்றாள். பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு திரும்பி நேராகப் பள்ளத்தில் இறங்கியது.

நான் துள்ளி எழுந்து, “பாத்தீங்களா, நான் சொல்லிக் குடுத்தது, கானைப் புடிச்சு எறங்குறா என் மக” என்று கத்தினேன். பனி மூடினால் மழைத்தண்ணி ஓடுகிற கானைப் பிடித்துக்கொண்டு இறங்கு, எப்படியும் ரோட்டில் கொண்டுபோய் விடும் என்று சின்னதிலிருந்தே உனக்குச் சொன்னவன் நான்தானே. போன மாதம் போனில் வேறு, மேப்பை ரொம்ப நம்பாதே என்று சொல்லித் தொலைத்தேன். நம் தேயிலை மலையில் வெள்ளைக்காரன் வெட்டிவைத்த கான் எல்லாம் ரோட்டில்தான் முடியும். பின்லாந்துக் கானை எவன் வெட்டினானோ, அது சேற்றுக் குளத்தில் முடிகிறது! புள்ளி, குளத்தைக் காட்டும் நீல நிறத்துக்குள் போய் அசையாமல் நின்றதும் உன் அம்மா, “ஏங்க, எம்புள்ள முழுகுதுங்க” என்று ஓவென்று அழ, நான் சிக்னல் கோளாறு என்று ஒரே போடாகப் போட்டேன். அங்கேயே போய்விட்டது உனக்கு இருபத்திரண்டு நிமிஷம். இப்போது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் சிவசாமி எல்லார் முன்னாலும், “கங்காணியாரே, கான் எந்தப் பக்கமுங்க” என்று கும்பிட்டுக் கேட்கிறான். அவனை நான் கவனித்துக்கொள்கிறேன், அது கிடக்கட்டும்.

உன் கோச்சிடம், தப்பு என்னுடையதுதான், மேப்பைப் பார்க்காமல் விட்டேன் என்று சொன்னாயாமே. அம்மா சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை நீ. தப்பு என்னுடையது, எழுத்தில் தருகிறேன், வேண்டுமானால் கோச்சிடம் காட்டு. நேற்று நீ அழுதுகொண்டே, “சுவிஸ்ல நடக்குற கடைசிப் போட்டியில ஓடலப்பா, வெள்ளிக்கிழம பேர எடுத்துரப் போறேன், நீங்க என்ன சொல்றீங்க” என்று கேட்டபோது, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷமாக நூறு பேருக்கு, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்தத் தேயிலை நிரையைப் பிடி என்று சொன்ன வாய். உன்னிடம் நேற்று எழும்பவில்லை.

ராத்திரி முழுக்க யோசித்தும் ஓடு என்றோ விடு என்றோ எனக்குச் சொல்ல வரவில்லை. ஓடினால் சந்தோஷப்படுவேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைய ஓட்டத்தை ஷாமிலா திரும்பப் போட்டுக் காட்டினாள், பதினொரு தடவை பார்த்துவிட்டேன். சேற்றிலிருந்து ஏறிய பிறகு நீ ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு இடத்திலும் சுற்றவில்லை. மிச்சமிருந்த ஆறு கொடிக்கும் நூல் பிடித்த மாதிரி போயிருக்கிறாய். அந்த வழியை யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை. அதனால் இதையும் நீயே பார்த்து முடிவு செய்.

முழங்காலுக்கு மறக்காமல் எண்ணெய் போடு. அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுப் படம் அனுப்பு, இல்லாவிட்டால் இங்கே எனக்குத்தான் பேச்சு. முருகன் உனக்கு நல்ல உடம்பையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சுவிஸ் போட்டியில் பச்சைப் புள்ளி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நாங்கள் எல்லாரும் அந்தப் போனைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா
கந்தப்பன்