புதன்கிழமை இங்கிலீஷ்

அன்புள்ள நெட்டைக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே உன் அக்கா வீட்டில் நீ எப்படி இருக்கிறாய், நெற்றித் தையல் ஆறிவிட்டதா, தலைசுற்றல் நின்றதா என்று தெரிந்துகொள்ள ஆசை. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. அந்த ஊரில் சிக்னல் சரியில்லையோ என்னவோ. அதனால்தான் கடிதம். விலாசத்தை டிராலி தள்ளும் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன்.

நீ போன பிறகு நம் சலவைக் கூடத்தில் ஓர் அதிசயம் நடக்கிறது. எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு! சிரிக்காதே, முழுவதையும் கேள்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மேனேஜர் அதை வாசித்து, புதன்கிழமை மதியம் எல்லோருக்கும் 'செல்ஃப் இம்ப்ரூவ்மென்ட்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விரிப்புகளை அடுக்கும் அலமாரியை நாம் என்ன சொல்வோம்? செல்ஃபு. அதைச் சீர்படுத்தத்தான் ஆள் வருகிறது என்று நினைத்து, நானும் டிராலி அம்மாவும் இரண்டு நாள் எல்லா செல்ஃபையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தோம். தலையணை உறைகளைக்கூட அளவு வாரியாக அடுக்கி வைத்தோம். புதன்கிழமை கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் வந்தாள். அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீர்படுத்த வேண்டியது எங்களைத்தானாம்.

ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தாள். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று முப்பது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். அவள் பேசப் பேச நாங்கள் இருபத்துமூன்று பேரும் தலையாட்டினோம். கடைசியில் ஏதாவது சந்தேகமா என்று கேட்டாள். டிராலி அம்மா எழுந்து, "எல்லாம் நல்லா சொன்னீங்க டீச்சர். அந்த ஸ்ட்ரெஸ்னு சொன்னீங்களே, அது உடம்புல எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார். பாவம், அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல் என்று பலகையில் எழுதிப் பொருள் சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீ எனக்குக் கேள்விப்பெட்டி என்று பேர் வைத்தது சும்மாவா? ஒவ்வொரு சொல்லையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது போலப் பார்க்கிறேன். 'ப்ரெஷர்' என்றதும் பாய்லர்காரர் கையைத் தூக்கிவிட்டார். "அது எனக்குத் தெரியும். முள்ளு சிவப்புக் கோட்டுக்குப் போனா வால்வைத் திறந்துவிடணும்" என்றார். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப சரி. உங்களுக்கு அந்த வால்வு எது?" என்று கேட்டாள். அவர் நிதானமாக யோசித்து, "என் சம்சாரம்தான். வீட்டுக்குப் போனதும் அவகூட ஒரு சண்டை போட்டாதான் அடங்கும்" என்றார். அதைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று டீச்சர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் சமைக்கும்போதும் சொற்களைச் சொல்லிப் பார்க்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரித்துவிட்டுத் திருத்தியும் விடுகிறாள். 'பாஸ்' என்றால் பரீட்சையில் தேறுவது மட்டும் இல்லையாம். வாயைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால், வேலைக்கு நடுவே சற்று நிறுத்துவதாம். விரிப்பைத் தேய்த்துத் தள்ளும் நம் உருளை இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தச் சொல்லுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஈர விரிப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதே!

போன புதன்கிழமை 'ஷுட்' என்ற சொல் வந்தது. நம் 'வேண்டும்' போன்றது. அது அடிக்கடி கண்ணில் பட்டதால் முன்பே நான் ஒரு வேலை செய்திருந்தேன். புத்தகம் முழுக்க அந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கும் முன்னால் 'யூ'தான். நீ நன்றாகத் தூங்க வேண்டும், நீ மூச்சை இழுத்துவிட வேண்டும், நீ கோபத்தை அடக்க வேண்டும். எழுந்து கேட்டேவிட்டேன். "டீச்சர், இந்தப் புத்தகத்துல 'யூ'வைத் தவிர வேற ஆளே இல்லையா?"

அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு, ஐ, யூ, ஹி, ஷி, வி, தே என்று எல்லோரையும் வரிசையாக எழுதினாள். யாருக்குப் பின்னால் வந்தாலும் 'ஷுட்' மாறாதாம். யோசித்தால் நம்மிடமும் அப்படித்தான் இருக்கிறது. நான் போகணும், நீ போகணும், அவங்க போகணும். இத்தனை வருடம் பேசியும் இதை நான் கவனித்ததே இல்லை! 'யூ' இல்லாமல் ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறாள். நான் எழுதிவிட்டேன். உருளை இயந்திரத்துக்குப் பின்னால், வெள்ளை விரிப்பில் தூசி விழுகிறது என்று பலகை அடித்து மூடிவைத்திருக்கும் ஜன்னல் இருக்கிறதே, அதை அவர்கள் திறக்க வேண்டும் என்று. என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் இங்கிலீஷ் வாக்கியம். 'விண்டோ' மட்டும் மகளைக் கேட்டு எழுதினேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு வரியாவது எழுது.

என்றும் உன்
கேள்விப்பெட்டி

* * *

அன்புள்ள நெட்டைக்கு,

உன் தபால் அட்டை கிடைத்தது. இரண்டு வரி கேட்டேன், இரண்டே வரி எழுதியிருக்கிறாய். "வகுப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாய். அன்று நீ மேனேஜரிடம் சொன்னதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே." வாசல் கதவில் சாய்ந்து நின்றபடி படித்தேன். உள்ளே வந்து செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. விபத்துப் பதிவேட்டை உன்னிடம் காட்டித்தான் வேலையிலிருந்து எடுத்தார்களா? உன்னை எப்படி எடுத்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. எதை எதையோ கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை கிழித்துப் போடாதே.

நாங்கள் எழுதிய வாக்கியங்களை டீச்சர் தன் அறிக்கையோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். இருபத்துமூன்று பேரில் பதினொரு பேர் அந்த ஜன்னலைத்தான் எழுதியிருந்தோம், ஒருவரை ஒருவர் கேட்காமலே. டிராலி அம்மா மட்டும் 'அவர் கத்தக்கூடாது' என்று எழுதியிருந்தார். யார் அவர் என்று எழுதவில்லை, எழுதவேண்டிய அவசியமும் இல்லை. பத்து நாள் கழித்து தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். கூடவே டீச்சரும் வந்தாள். உருளை இயந்திரத்துக்குப் பக்கத்தில், நீ நிற்கும் இடத்தில், ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள். நாற்பத்தாறு டிகிரி காட்டியது. அன்று சாயங்காலமே பலகையைப் பிடுங்கிவிட்டு வலை அடித்தார்கள். வெளியே ஒரு வேப்பமரம் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆளாளுக்கு அங்கே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை.

ஏனென்றால் அதற்கு முன் அந்த அம்மா, "இங்க யாராவது மயங்கி விழுந்திருக்காங்களா?" என்று கேட்டார். மேனேஜர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். தொழிலாளி காலையில் சாப்பிடாமல் வேலைக்கு வந்ததால் மயங்கினார், சாட்சி இன்னார் என்று என் பெயர் இருந்தது. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "இது நீங்க சொன்னதா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல இரண்டாவது வாய்ப்பு, நெட்டை. கையில் வைத்துக் கொடுத்தது போல. மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான். பதிவேட்டை மூடிவிட்டார்கள்.

அன்று காலை நாம் இரண்டு பேரும் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்துதான் சாப்பிட்டோம். உனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று மூடியை வழித்துத் தின்றாய். ஒரு மணி நேரம் கழித்து நீ விழுந்தாய். டிராலியின் இரும்பு விளிம்பு நெற்றியில் பட்டு, துவைத்த விரிப்பெல்லாம் ரத்தம். மேனேஜர் என்னிடம், "சாப்பிடாம வந்திருப்பாங்க, இல்ல?" என்றார். அது கேள்வியே இல்லை. பதிலையும் அவரே சொல்லிவிட்டார், நான் தலையாட்டினால் போதும். ஆட்டினேன். அந்த வாரம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இதை நியாயம் என்று சொல்லவில்லை. காரணம் கேட்பாய் என்று எழுதுகிறேன்.

அந்த அதிகாரி அம்மா வந்துபோனதற்கு அடுத்த புதன்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டேன். ஷுட் என்பது இனிமேல் செய்ய வேண்டியதற்கு. நடந்து முடிந்துவிட்டால் அதை எப்படிச் சொல்வது? 'ஷுட் ஹேவ்' என்று எழுதிக் காட்டினாள். "செஞ்சிருக்கணும், ஆனா செய்யலன்னு அர்த்தம்" என்றாள். "அப்படிச் சொன்ன பிறகு என்ன செய்யணும் டீச்சர்?" என்றேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு என்கிட்ட பாடம் இல்லீங்க" என்றாள். வகுப்பு நடக்கும் அந்த மூன்றாவது மாடியில், காலி நாற்காலிகளுக்கு நடுவே அழுதுவிட்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள்.

தலைமை அலுவலகத்துக்கு இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். அன்று அவள் சாப்பிட்டிருந்தாள். நான் அவளோடு சாப்பிட்டேன். நான் பொய் சொன்னேன். வெயில் காலம் முழுக்க அந்த இடத்தில் மூச்சு முட்டும் வெக்கை. எழுத்துப் பிழையை மட்டும் டீச்சர் திருத்தினாள். தபால் பெட்டியில் போடும்முன் உன்னிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அந்தச் சுமையையும் உன் தலையில் வைப்பதாகிவிடும். போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் முதலில் பயந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "வேலை போனா போகட்டும். நாலு மாசமா தட்டு முன்னாடி உட்கார்ந்து நீ பெருமூச்சு விடுறியே, அது நின்னா போதும்" என்றார். அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நேற்று பதில் வந்தது. பதிவேட்டில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் என் கடிதத்தை ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். நீ நேரில் வந்து என்ன நடந்தது என்று சொன்னால், உன்னை வேலையிலிருந்து எடுத்ததைத் திரும்ப விசாரிப்பார்களாம். வருகிற பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி, முதல் மாடி, மேனேஜர் அறைக்குப் பக்கத்து அறை. உனக்கும் தனியாக ஓலை வரும். மேனேஜர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அது என் பாடு.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதைத் தபாலில் அனுப்பி உன்னிடம் பதில் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வா, நெட்டை. அந்த அறையில் உட்கார்ந்து உன் வாயால் சொல். இங்கிலீஷ் வேண்டாம், நம் பேச்சிலேயே சொன்னால் டீச்சர் எழுதிக்கொள்வாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது என்றால் அன்று நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன், வாசலில்கூட நிற்கமாட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதே, வெயில் தலையில் அடிக்கும். நீ நல்லபடியாக வந்து, நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும்.

அன்போடு,
உன்னோடு சாப்பிட்டவள்