சைக்கிள் பாதையில் உன் நெல்

அன்புள்ள ஜெனலின்,

இங்கே நான், அம்மா, நாய் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் இரவுப் பணி முடிந்ததும் ஏதாவது சூடாகச் சாப்பிட்டு, காலுறை போட்டுத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் அம்மா என் தோளுக்கு மேல் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் கடிதம்.

கூரையின் பின்பக்கத் தகரத்தை மாற்றியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறாள். நான் இப்போதும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான். டவுன் ஹாலில் சாலைக் குழு ஒன்று அமைத்தார்களே, நினைவிருக்கிறதா, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சார்பாக ஒருவர் வரலாம், சம்பளம் கிடையாது என்று அறிவித்தார்கள். கை தூக்கியது நான் ஒருவன்தான். அம்மா கேட்டாள், ஏங்க, இந்த ஊர்ல கார் வாங்க வக்கில்லாத ஆளு நான்தான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தீங்களாக்கும் என்று. அவளை உனக்குத் தெரியும்.

குழுவில் நான் நிறையக் கேட்டேன். சந்தையிலிருந்து பள்ளிவரை நெடுஞ்சாலையை ஒட்டித் தனிப்பாதை. லாரி ஏறாதபடி நடுவில் தடுப்புச் சுவர். குண்டும் குழியுமான தார் வேண்டாம், வழுவழுப்பான சிமெண்ட். தண்ணீர் தேங்காமல் லேசான சரிவு. ஈர இலையில் பிள்ளைகள் வழுக்கி விழாமலிருக்க, மரமில்லாத பக்கம். இன்ஜினியர் சர்மியென்டோ தலையாட்டிக்கொண்டே வரைந்தார். எல்லாம் கிடைத்தது. பச்சை வண்ணமும் அடித்தார்கள். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், முதல் ஆளாக நான் ஓட்டினேன். பக்கத்தில் லாரிகள் போயின. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அது புதிதாக இருந்தது.

பிறகு அறுவடை வந்தது. வழுவழுப்பு, சரிவு, நாள் முழுக்க வெயில், லாரி ஏறாத தடுப்பு. ஒரு நெற்களத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நானே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு காலை வீட்டை விட்டுக் கிளம்பினால் பச்சைப் பாதை மஞ்சளாகக் கிடக்கிறது. கண்ணுக்கெட்டியவரை நெல். முதல் விரிப்பு உன் சித்தப்பா ருஃபினோவுடையது. அதாவது உன் பேரிலுள்ள வயலில் அவன் பங்குக்கு விளைவித்தது. வெறுங்காலால் கிளறிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். அண்ணே, இத்தன வருசமா நடுரோட்டுல காயப்போட்டு லாரிக்காரன்கிட்ட ஏச்சு வாங்கினோம், நீ போயி குழுவுல உக்காந்தப்புறம்தான் நமக்கு ஒரு வழி பொறந்துச்சு என்றான். கிண்டல் இல்லை. அவனுக்காகத்தான் போட்டுக்கொடுத்தேன் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறான். நான் இறங்கி, ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மறுநாளும் அப்படியே தள்ளிக்கொண்டு போனேன்.

அந்த வாரமே என் வகுப்பு மாணவி செரிமே, நெல்மேல் ஏற்றக்கூடாதே என்று தடுப்பின் இடைவெளி வழியாக நெடுஞ்சாலையில் இறங்கியிருக்கிறாள். லாரியின் பக்கக் கண்ணாடி தட்டி விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிவு. கட்டுப் போட்டு வீட்டில் இருக்கிறாள், உயிருக்கு ஒன்றுமில்லை. அவள் விலகியது உன் நெல்லுக்காக அல்ல, அதற்கு அடுத்த விரிப்புக்காக. நானே போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஏன் பார்த்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

குழு கூடியது. பாதையில் நெல் விரிப்பதைத் தடை செய்யலாமா என்பது கேள்வி. சைக்கிள்காரர் முதலில் பேசட்டும் என்றார் இன்ஜினியர். நான் எழுந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், வாத்தியாரே, மொத விரிப்பு யாரோடது, அதச் சொல்லிட்டு மேல பேசுங்க என்று கத்தினார். நல்ல சிரிப்பு. என் மகளுடையது என்றேன். சிரிப்பு அடங்கியது. தடை வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன். தடை நிறைவேறியது. ருஃபினோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சரிண்ணே, இனிமே மேகத்து மேல காயப்போட்டுக்கறோம் என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மிச்ச நெல்லை ஈரத்தோடு வியாபாரிக்குக் கொடுத்தான். மழையில் மாட்டியதில் கொஞ்சம் முளைவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பட்சோய் நூடுல்ஸ் சூப் சாப்பிட அவன் இப்போது வருவதில்லை. அவனுக்கென்று எடுத்து வைக்கும் கிண்ணத்தை அம்மா என் முன்னால்தான் கழுவுகிறாள்.

இனி விஷயம். நிலம் கிடைத்தால் ஊருக்குப் பொதுவாக ஒரு களம் போட்டுத் தருகிறோம் என்கிறார் இன்ஜினியர். பாதையை ஒட்டி, மேடாக, மரநிழல் விழாமல் இருப்பது ஒரே இடம். உன் வயலின் கிழக்கு மூலை. விமான நிலையம் போன அன்று வேனிலிருந்து நீ கைகாட்டிய மூலை. திரும்பி வந்து வீடு கட்டுவேன் என்றாய். அம்மா அங்கே வீட்டின் நான்கு மூலைக்கும் மூங்கில் கழி நட்டு வைத்திருக்கிறாள், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். ருஃபினோ அதைச் சுற்றித்தான் உழுகிறான். களம் பற்றிச் சொன்னதும் அவள், நெல்லு காய எடம் வேணும், ஒத்துக்கறேன், அவ வந்தா எங்கங்க எறங்குவா என்றாள். இந்த வீடு இருக்கிறதே என்றேன். இது நம்ம வீடு, அவ வீடு அதுதான் என்றாள். ருஃபினோ காதுக்கும் போயிருக்கிறது. அவன் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம், அண்ணி, புள்ளகிட்ட போயி அதக் கேக்க வேணாம்னு சொல்லுங்க, நான் ஈர நெல்லாவே வித்துக்கறேன் என்றானாம்.

ஆனாலும் கேட்கிறேன். நீ வருவாயா, எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. அது உன் முடிவு. மூலையைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுது. கொடுக்கலாம் என்றால் மூங்கில்களை நானே பிடுங்குகிறேன், அம்மாவை அதற்கு அனுப்பமாட்டேன். வேண்டாம் என்றால் குழுவில் வேறு இடம் கேட்கிறேன். வேறு இடம் இல்லை என்பதும் தெரிந்தே எழுதுகிறேன். எந்தப் பதிலுக்கும் நான் கோபப்பட மாட்டேன்.

தடைக்கு முன் காய்ந்த நெல்லில் நம் பங்கை அரைத்து, வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் ருஃபினோ. அரிசியில் ஆங்காங்கே பச்சைத் துணுக்கு, பாதையின் வண்ணம். அம்மா பொறுக்கிப் பொறுக்கி ஒரு தட்டில் போடுகிறாள். சோறு நன்றாக இருக்கிறது.

அங்கே சைக்கிள் வாங்கினால் சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் நாட்டுப் பழக்கத்தில் வலப்பக்கம் போய்விடாதே. ஹெல்மெட் போடு. மாதா உன்னை நோயில்லாமல், தனிமை தெரியாமல் வைத்திருக்கட்டும். பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு.

நேற்று அம்மா அந்த மூலையில் ஐந்தாவதாக ஒரு மூங்கிலை நட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நாலு மூலைதானே, இது எதற்கு என்றேன். அவ சைக்கிள் சாத்தி வைக்க என்றாள்.

உன் அப்பா,
எலிசியோ