ஐந்துக்கு அடியில் இரண்டு

இன்று காலை உன் நோட்டைத் திறந்ததும் பென்சில் வாசனையோடு பழைய பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வந்தது. நகரியில் உன் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரர் கொடுத்தார். "பீரோவுல துணிக்கு அடியில வச்சிக்கினு இருந்தா. யாரையும் தொட உடமாட்டா. நீங்களே வச்சிக்கோங்கம்மா" என்றார்.

கோ-கார்ட்டில் தொடங்கி, ஃபார்முலா கார் ஓட்டி, அதில் ஜெயித்த திமிரோடு ராலிக்கு வந்தவள் நான். தனியாக ஓட்டியே பழகியவளுக்கு, பக்கத்து சீட்டில் ஒருத்தி நோட்டைப் பார்த்து வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டு வந்தது எரிச்சலாக இருந்தது.

"ஏண்டி, ரோடு எனக்குக் கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியும். திரும்பின பெறகு தெரியும்" என்பாய்.

"லெஃப்ட் ஃபைவ்" என்றால் லேசான வளைவு, அழுத்திப் போகலாம். "லெஃப்ட் டூ, உஷார்" என்றால் கொடுவளைவு, பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும்.

குடிபாலா பக்கம் ஓட்டிப் பார்த்த அன்று ஒரு வளைவுக்கு நீ டூ என்றுதான் சொன்னாய். எனக்கும் நன்றாகவே கேட்டது. டிராக்கில் தனியாக ஓட்டும் டீமின் சர்க்யூட் காரை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்யும் நேரம் அது. மேனேஜர் என் வேகத்தைப் பார்க்கட்டும் என்று அழுத்தினேன். கார் பள்ளத்தில் சரிந்து புரண்டது. நமக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஓடி வந்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "இவ ஃபைவ்னு சொன்னா சார்."

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அவர் நோட்டைக் கேட்டார். "கார்ல கீது சார், எத்துக்கினு வரேன்" என்று போனாய். பத்தடி தூரம்தான், வர நேரமாயிற்று. அந்தப் பக்கத்தில் ஐந்து என்றுதான் இருந்தது. உன்னை டீமிலிருந்து நிறுத்தினார்கள், சர்க்யூட் கார் எனக்கு வந்தது. நோட்டிலேயே தப்பு இருந்ததால் நான் சொன்னது முழுப்பொய் இல்லை என்று இத்தனை வருஷம் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சர்க்யூட் ரேஸுக்கு நான் கிளம்பிய அன்று ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாய். "ரெண்டு பேருல ஒருத்தியாச்சும் ஓட்டிக்கினு இருக்கணும்டி. போ" என்றாய். உனக்குப் பெரிய மனசு என்று மட்டும் நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

இன்று அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ரப்பர் தேய்த்த தாளில், ஐந்துக்கு அடியில், நீ முதலில் அழுத்தி எழுதிய இரண்டு என்ற எண் பள்ளமாகத் தெரிகிறது. பக்கத்தில் "உஷார்" அழிந்தும் அழியாமலும் இருக்கிறது. அடிப்பாவி, ஒரு எண் தப்பினாலே அன்றைக்கெல்லாம் சரியாகச் சாப்பிடாதவள் நீ. என் பொய்யைக் காப்பாற்ற உன் நோட்டையே பொய்யாக்கியிருக்கிறாய்.

உடனே மேனேஜருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "இப்புடெந்துக்கம்மா இதெல்லாம்? இத்தனை வருஷம் கழிச்சு?" என்றார். "அவ நோட்டுல தப்பே இல்ல சார்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். நீ இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது லாரி ரேஸ் ஓட்டுகிறேன். அவ்வளவு பெரிய கேபினில் நான் ஒருத்திதான். ஆனாலும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் உன் குரல் வந்துவிடுகிறது: "டூ, உஷார்."

இப்போதெல்லாம் நீ சொன்னதும் பிரேக் பிடித்துவிடுகிறேன்டி.