சிவப்பு மையில் ஒரு திருத்தம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்த அளவுக்கு நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்.

"ஒரே சண்டைக்கு எதுக்குண்ணா ரெண்டு கோர்ட்டு?" என்று போனில் கேட்டாய். அன்று எனக்கே பாடம் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிந்திருக்கிறது.

என் மகனும் மருமகளும் பிரிந்திருப்பது உனக்குத் தெரியும். பேத்தியின் பிறந்தநாளன்று அவன் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறான். அவர் கதவைச் சாத்த, இவன் தள்ள, அவருடைய இரண்டு விரல்கள் இடுக்கில் நசுங்கிவிட்டன. போலீசில் புகார் கொடுத்தார். அது குற்ற வழக்கு. குழந்தை யாரிடம் வளர்வது, அப்பா எப்போது பார்ப்பது என்பது குடும்ப நீதிமன்றத்தில்.

இதில் நான் செய்த காரியத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். முப்பத்தாறு வருடமாக என் வகுப்பில் தப்பு செய்தவன் மன்னிப்புக் கடிதம் எழுதாமல் வீட்டுக்குப் போனதில்லை. அதே பழக்கத்தில் மகனையும் உட்காரவைத்தேன். "விரல் இருந்தது தெரியாமல் தள்ளிவிட்டேன்" என்று எழுதினான். என்னிடம் "தெரியாமல்" என்ற சாக்கு செல்லாது. சிவப்பு மையில் அதை அடித்து, "கோபத்தில், வேண்டுமென்றே" என்று திருத்தினேன். நல்ல பிரதி எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, நானே சம்பந்திக்குத் தபாலில் சேர்த்தேன். சம்பந்தி அதை இரண்டு கோர்ட்டிலும் கொடுத்துவிட்டார்.

எங்கள் வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், எதிர்த் தரப்புக்கு விடைத்தாளையே எழுதிக் குடுத்துட்டீங்களே, அதுவும் திருத்தி!" என்றார். தப்பு செய்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமா என்று கேட்டேன். "மூடச் சொல்லல சார், எங்கிட்ட திறக்கச் சொல்றேன்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குற்ற வழக்கில் குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். காப்பியடித்தான் என்று சொல்லும் ஆசிரியர்தான் துண்டுச்சீட்டைக் காட்டவேண்டும். காப்பியடிக்கவில்லை என்பதற்குப் பையன் எதைக் காட்டுவான்? அதோடு, விரல் நசுங்கியது மட்டும் போதாதாம், தள்ளியவன் மனதில் என்ன இருந்தது என்றும் பார்ப்பார்களாம். அதற்குத்தான் நான் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! குடும்ப நீதிமன்றத்தில் பாஸ், பெயில் கிடையாது. குழந்தைக்கு எது நல்லது என்பதுதான் பெரிய கேள்வி. ஆனால் வேண்டுமென்றே காயப்படுத்துகிறவனை நம்பிக் குழந்தையை எப்படி விடுவது என்று அங்கேயும் கேட்பார்களே! மூன்று வாரம் மகன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; திட்டியிருந்தால் தேவலை.

போன செவ்வாய்க்கிழமை குடும்ப நீதிமன்ற ஆலோசகர் முன் கூடினோம். நாற்காலி போதவில்லை, நான் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன். ஆலோசகர் கடிதத்தைப் படித்துவிட்டு மருமகளைப் பார்த்தார். அவள், "வேண்டுமென்றேங்கறது எல்லாம் அவர் வாயில வராத வார்த்தைங்க. மாமா எழுத வச்சிருப்பார். அப்பா விரல் அங்க இருந்ததை அவர் பார்க்கல. நான் உள்ள இருந்து பார்த்தேன்" என்றாள். சம்பந்தி, "நீ யார் பக்கம்டி?" என்று சீறினார். "பாப்பா பக்கம்பா" என்றாள். திருத்தியது நான்தான் என்று கேட்காமலே ஒப்புக்கொண்டேன். வக்கீலம்மா முறைத்தார்.

அங்கேயே பேசி முடிவானபடி, இனி சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம் பேத்தி அப்பாவோடு. நேற்றுதான் முதல் சனிக்கிழமை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவனுடைய கருவிப்பெட்டியைக் கவிழ்த்து, ஸ்க்ரூடிரைவர்களை உயரப்படி நிற்கவைத்தாள். எங்களை எதையும் எடுத்துவைக்க அவன் விடவில்லை. சம்பந்தியின் விரல்கள் ஆறிவிட்டன; குற்ற வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். இருபதாம் தேதி நீதிபதி அதை ஏற்கவேண்டும்.

விவாகரத்து மனு மட்டும் அப்படியே இருக்கிறது. அது அவர்கள் இருவர் விஷயம், நான் வாய் திறப்பதில்லை. நேற்று குழந்தையை அழைத்துப்போக வந்த மருமகள் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது தாகத்துக்கு இல்லை என்கிறாள் உன் அண்ணி.

நீ பிரார்த்தனையில் மருமகளையும் சேர்த்துக்கொள், அம்மா. என்ன கேட்டாய் என்று எனக்கு எழுதவேண்டாம்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்