ஏழு காசு அண்ணன்

மார்ச் 2
அண்ணி வார்டு தேர்தலில் நிற்கிறார் என்றதும் கைதட்டிய சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட, பணம் என்றதும் போனை எடுக்கவில்லை. துண்டறிக்கைக்கும் ஒலிபெருக்கி வண்டிக்கும் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். இல்லையென்றால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி மருந்துக்கடைக்கே போய்விடுவாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் வலைப்பதிவை நானூறு பேர் படிக்கிறாங்களே, வாயாடி. அவங்ககிட்ட கேளேன்."

குண்டும் குழியுமான ரோட்டைப் படம் பிடித்துப் போட்டுத் திட்டுகிறேன். படிப்பவர்களும் சேர்ந்து திட்டுவார்கள். காசு தருவார்களா?

மார்ச் 3
வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். 'நம் வார்டு மருத்துவமனை சாயங்காலமும் திறக்க வேண்டுமென்றால் அண்ணிக்குப் பணம் அனுப்புங்கள். ஏழாவது வார்டு, அதனால் எந்தத் தொகையோடும் ஏழு காசு சேர்த்து அனுப்புங்கள். நம் பதிவிலிருந்து வந்தது என்று தெரியட்டும்.'

முதல் ஆளாக நானே அனுப்பினேன்.

மார்ச் 4
எழுபது பேர்! அடேயப்பா, எழுபது பேர்!

மார்ச் 5
அண்ணனைக் கொல்லப் போகிறேன்.

அண்ணிக்கு வரவு செலவு பார்ப்பது அவன்தான். எல்லாருக்கும் அந்த ஏழு காசைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்! 'தவறுதலாகக் கூடுதலாக வந்த தொகை' என்று குறிப்பு வேறு.

"பாவம், எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்காங்க. அடுத்தவங்க காசு நமக்கு எதுக்கு?"

"என் பதிவைப் படிக்கவே இல்லையா?"

"நீ திட்டறதைத்தான் வீட்லயே கேக்கறேனே!"

எனக்கு மட்டும் திருப்பவில்லை. ஏன் என்று கேட்டால், "நீ வீட்டு ஆளு, உனக்கென்ன?"

அண்ணி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் வெள்ளி. பாதிப் பணம்கூடத் தேறவில்லை. இவனை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?

மார்ச் 6
ஆத்திரம் அடங்காமல் நடந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். 'ஏழு காசைக்கூட வைத்துக்கொள்ளத் தெரியாத ஆளிடம் கல்லாப்பெட்டி இருக்கிறது. நாங்கள் எப்படி உருப்படுவோம்?'

மதியத்துக்குள் வேறு நாலைந்து வலைப்பதிவுகளில் அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். பின்னூட்டத்தில் ஒருவர்: "இந்த ஆளுக்காகவே அனுப்பறேன்." இன்னொருவர்: "நான் எதிர்க்கட்சி. இருந்தாலும் இந்தாங்க. திருப்பி அனுப்பினா வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன்."

பணம் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் ஏழு காசோடு. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். "திருப்ப வேண்டாம்னு எல்லாரையும் எழுதித் தரச் சொல்லு." மக்கு அண்ணா, உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருக்கு.

மார்ச் 7
வண்டிக்குப் பணம் கட்டியாச்சு!

மார்ச் 29
நேற்று ஓட்டு எண்ணின இடத்தில் கத்தின கத்தலில் தொண்டையே போய்விட்டது. காலையில் போனைப் பார்த்தால் என் வங்கிக் கணக்கில் ஏழு காசு வரவு.

அண்ணனிடம் ஓடினேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "இனிமே இது கவுன்சிலர் வீடு. வீட்டு ஆளுன்னு தனிச் சலுகை எல்லாம் கிடையாது."